சித்திரவதைக்கு வக்காலத்து வாங்கினால் யார் கேட்பது?

2001 மே மாதம் பாரிஸில் ஒரு புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் போல் ஓசரெஸ். ஓய்வுபெற்ற பிரெஞ்சுத் தளபதி, எண்பது வயதைத் தாண்டியவர். 1957இல் அல்ஜீர்ஸ் நகரில் ராணுவத்தின் உளவுப் பணியை நடத்தியவர். பிடிபட்டவர்களைச் சித்திரவதை செய்தது, விசாரணை இல்லாமல் கொன்றது, இதெல்லாம் மேலிடத்துக்குத் தெரிந்தே நடந்தது என எதையும் மறைக்காமல் எழுதியிருந்தார். அல்ஜீரிய விடுதலை இயக்கத் தலைவர் லார்பி பென் மிஹிதியும், வழக்கறிஞர் அலி பூமெஞ்சலும் காவலில் இருந்தபோது தற்கொலை செய்துகொண்டார்கள் என்றுதான் அரசு அதுவரை சொல்லிவந்தது. இரண்டுமே கொலை, செய்தது நாங்கள்தான் என்றார் ஓசரெஸ். வருத்தம் உண்டா? இல்லை. தேவைப்பட்டது, செய்தோம் என்ற தொனிதான் புத்தகம் முழுக்க.

நாடே கொதித்தது. ஆனால் சித்திரவதைக்காகவோ கொலைக்காகவோ அவரைக் கூண்டில் ஏற்ற முடியவில்லை. அல்ஜீரிய விடுதலைப் போர் முடிந்த கையோடு 1962இலும், பிறகு 1968இலும் வந்த பொதுமன்னிப்புச் சட்டங்கள் குறுக்கே நின்றன. மனித உரிமை அமைப்புகள் வேறு வழி தேடின. போர்க்குற்றத்தை நியாயப்படுத்தி எழுதுவது குற்றம் என்று பிரெஞ்சுப் பத்திரிகைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. அதன் கீழ் 2002 ஜனவரியில் ஓசரெஸுக்கு 7,500 யூரோ அபராதம் விழுந்தது. பதிப்பாளர்கள் இருவருக்குத் தலா 15,000. கொன்றேன் என்று எழுதியவரைவிட அதை அச்சடித்தவர்களுக்கு இரு மடங்கு! பின்னாளில் அவருடைய லெஜியன் ஆஃப் ஹானர் விருதும் பறிபோனது. பதிப்பாளர்கள் விடவில்லை. 2009இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அவர்களைத் தண்டித்தது கருத்துரிமைக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது.

நானும் அந்தத் தீர்ப்பின் பக்கம்தான். அந்தப் புத்தகம் வராமல் இருந்திருந்தால் பூமெஞ்சலின் குடும்பம் இன்னும் 'தற்கொலை' என்ற சொல்லோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். 2021இல் அதிபர் மக்ரோன் அது கொலைதான் என்று ஒப்புக்கொண்டபோது, ஓசரெஸ் தந்த வாக்குமூலத்தையும் அவரது அலுவலகம் சுட்டிக்காட்டியது. இருந்தாலும் கேள்வி அப்படியே நிற்கிறது. சித்திரவதை செய்ததற்குப் பிடிக்க முடியாத ஓர் உளவு அதிகாரியை, அதை ஆதரித்துப் பேசியதற்காகவாவது பிடிக்க முடியுமா? பிடிக்கத்தான் வேண்டுமா?

அமெரிக்காவின் சி.ஐ.ஏ. கதையை இந்தக் கேள்வியோடு படித்துப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொல்கிறேன். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு ஆறு நாள் கழித்து, ஆட்களைப் பிடித்து அடைத்து வைக்கும் அதிகாரத்தை அதிபர் புஷ் சி.ஐ.ஏ.வுக்குக் கொடுத்தார். தாய்லாந்து, ஆப்கானிஸ்தான், போலந்து, ருமேனியா, லிதுவேனியா என்று பல நாடுகளில் ரகசியச் சிறைகள் முளைத்தன. 2002 மார்ச்சில் பாகிஸ்தானின் பைசலாபாத்தில் பிடிபட்ட அபு ஜுபைதாதான் முதல் கைதி. அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் அவருக்கு 83 முறை வாட்டர்போர்டிங் நடந்தது. ஆளைச் சாய்பலகையில் கட்டி, முகத்தைத் துணியால் மூடி, மூச்சு முட்டும்வரை தண்ணீர் ஊற்றுவதற்குப் பெயர் அது. அடுத்த ஆண்டு, செப்டம்பர் 11 தாக்குதலின் மூளை எனப்பட்ட காலித் ஷேக் முகமதுவுக்கு 183 முறை. நாள்கணக்கில் தூங்கவிடாமல் நிற்க வைப்பது, சவப்பெட்டி அளவுள்ள பெட்டியில் அடைப்பது, நிர்வாணமாகக் குளிரில் போடுவது ஆகியவையும் இருந்தன. இதற்கெல்லாம் அலுவலகத்தில் வைத்த பெயர் 'மேம்படுத்தப்பட்ட விசாரணை உத்திகள்'. ஏதோ மென்பொருளின் புதிய பதிப்பு வந்ததுபோல.

2014 டிசம்பர் 9 அன்று செனட் உளவுக் குழு தன் அறிக்கையின் சுருக்கத்தை வெளியிட்டது. தலைவர் டயான் ஃபைன்ஸ்டைன். குழுவின் ஊழியர்கள் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களைப் பார்த்து 6,700 பக்க அறிக்கை எழுதியிருந்தார்கள். வெளியே வந்தது சுமார் 500 பக்கம். மொத்தம் 119 பேர் அடைக்கப்பட்டார்கள், அதில் குறைந்தது 26 பேரை சி.ஐ.ஏ.வின் சொந்த அளவுகோலின்படியே பிடித்திருக்கக் கூடாது என்றது அறிக்கை. இந்த முறைகளால் பலன் கிடைத்தது என்று சி.ஐ.ஏ. அடுக்கிய எடுத்துக்காட்டுகள், அதன் சொந்த ஆவணங்களோடு ஒத்துப்போகவில்லை என்பது அதன் முக்கியமான முடிவு.

மறுநாளே முன்னாள் இயக்குநர்கள் ஜார்ஜ் டெனட், போர்ட்டர் காஸ், மைக்கேல் ஹேடன் மூவரும் துணை இயக்குநர்களோடு சேர்ந்து ஒரு பெரிய நாளிதழில் மறுப்புக் கட்டுரை எழுதினார்கள். சி.ஐ.ஏ. உயிர்களைக் காப்பாற்றியது என்று சொல்லத் தனி இணையதளமே வந்தது. தொலைக்காட்சி நேர்காணல்கள் தனி. இதைத்தான் பலரும் 'வக்காலத்து' என்று நினைக்கிறார்கள், இதற்காகத்தான் இவர்கள்மேல் நடவடிக்கை வேண்டும் என்கிறார்கள்.

வக்காலத்து மூன்று இடங்களில் நடந்தது, அதில் எனக்கு இது மிகச் சிறியதாகத் தெரிகிறது. தொலைக்காட்சியில் 'செய்தது சரி' என்று சொல்வது கருத்து. அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அதைப் பாதுகாக்கிறது. பிரான்ஸில் இருப்பதுபோன்ற பிரிவு அங்கே நிற்காது. ஆனால் அதே அதிகாரிகள் ஓய்வு பெறுவதற்கு முன்னால் இன்னும் இரண்டு இடங்களில் இதே வேலையைச் செய்திருக்கிறார்கள். ஒன்று, தங்களைக் கண்காணிக்க வேண்டிய நாடாளுமன்றக் குழுவின் முன்னால். இன்னொன்று, சட்டக் கருத்து கேட்டு அரசின் நீதி அமைச்சகமான நீதித்துறைக்குப் போனபோது. அந்த இரண்டும் கருத்து அல்ல. செயல். பிடிமானம் இருப்பது அங்கேதான்.

முதலில் நாடாளுமன்றம். 2007 ஏப்ரல் 12 அன்று, அப்போதைய இயக்குநர் ஹேடன் செனட் உளவுக் குழு முன் மூடிய அறையில் சாட்சியம் அளித்தார். செனட் அறிக்கையின் பின்னிணைப்பு ஒன்று முழுவதும் அந்த ஒரு நாள் சாட்சியத்துக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது: ஒரு பக்கம் அவர் சொன்னது, எதிர்ப்பக்கம் சி.ஐ.ஏ. ஆவணம் சொல்வது. விசாரணை செய்தவர்கள் எல்லாரும் பக்குவம் பார்த்துப் பொறுக்கியெடுக்கப்பட்டவர்கள் என்றார் ஹேடன். வன்முறைப் பின்னணியும் ஒழுக்கப் புகார்களும் உள்ளவர்கள் அதில் இருந்ததை ஆவணங்கள் காட்டின. குத்துவது, உதைப்பது எல்லாம் அனுமதிக்கப்பட்டதும் இல்லை, நடந்ததும் இல்லை என்றார். நடந்ததற்குக் குறிப்பு இருந்தது. 2009 ஜனவரியில் ஒரு அதிகாரி எழுதிய மின்னஞ்சலும் அறிக்கையில் உண்டு: எந்தத் தேதியை வைத்துக் கணக்குப் போடுவாயோ தெரியாது, கைதிகள் எண்ணிக்கை 98 என்றே இருக்கட்டும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார் என்பது அதன் சாரம். வேண்டுமென்றே யாரையும் திசைதிருப்பவில்லை என்பது ஹேடன் தரப்பு. அவர்மேல் வழக்கு எதுவும் வரவில்லை, எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வழக்கு வராததற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. நாடாளுமன்றத்திடம் தெரிந்தே பொய் சொல்வது அமெரிக்காவில் குற்றம். ஆனால் இத்தகைய குற்றத்துக்கு வழக்குப் போட ஐந்து ஆண்டுதான் அவகாசம். 2007 ஏப்ரலில் சொன்னதற்கு 2012 ஏப்ரலோடு கெடு முடிந்தது. ஆவணத்தையும் சாட்சியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பின்னிணைப்பு பொதுமக்கள் கண்ணில் பட்டது 2014 டிசம்பரில். ரகசிய முத்திரைக்கு ஆயுள் அதிகம், காலவரம்புக்கு ஆயுள் குறைவு. ஒரு உளவு அமைப்பு எதையும் செய்ய வேண்டாம். கோப்பை மூடியபடியே வைத்திருந்தால் போதும், கடிகாரம் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

சி.ஐ.ஏ. இயக்குநரை இந்தக் குற்றத்துக்குப் பிடித்ததே இல்லையா என்றால், ஒருமுறை பிடித்திருக்கிறார்கள். ரிச்சர்ட் ஹெல்ம்ஸ். சிலியில் அரசைக் கவிழ்க்க சி.ஐ.ஏ. முயன்றதா என்று 1973இல் செனட் குழு கேட்டபோது இல்லை என்றார். 1977இல் நீதிமன்றத்தில் வழக்கை எதிர்க்கவில்லை என்று எழுதிக்கொடுத்தார். கிடைத்தது 2,000 டாலர் அபராதமும், நிறுத்திவைக்கப்பட்ட இரண்டு ஆண்டுச் சிறையும். அன்று அவர் நேராகப் போனது ஓய்வுபெற்ற சி.ஐ.ஏ.காரர்களின் விருந்துக்கு. எழுந்து நின்று கைதட்டினார்கள். கூடை சுற்றி வந்தது, அபராதத் தொகையை அவர்களே போட்டு நிரப்பினார்கள். இந்தத் தண்டனையை அவர் பதக்கம்போல அணிந்துகொள்வார் என்றார் அவருடைய வழக்கறிஞர். ஒரு துறை தன் ஆளைப் பார்க்கும் பார்வை அது. வெளியிலிருந்து வரும் தண்டனை உள்ளே போகும்போது விருதாக மாறிவிடுகிறது.

இனி சட்டக் கருத்து. சொல்லப்போனால் எல்லாம் தொடங்கியது இங்கேதான்.

2002 ஜூலையில் சி.ஐ.ஏ. வழக்கறிஞர்கள் ஒரு கடித வரைவு தயாரித்தார்கள். பயன்படுத்தப்போகும் முறைகள் சித்திரவதைத் தடைச் சட்டத்துக்குள் வரலாம், அதனால் வழக்குத் தொடர மாட்டோம் என்று முன்கூட்டியே உறுதி கொடுங்கள் என்று அரசுத் தலைமை வழக்கறிஞரிடம் கேட்கும் கடிதம். தப்பு என்று தெரியாமல் செய்தார்கள் என்ற வாதத்துக்கு இந்த ஒரு காகிதமே பதில். அதே மாதம் தாய்லாந்துச் சிறையில் இருந்த குழு தலைமையகத்துக்கு அனுப்பிய தந்தியில், ஜுபைதா வாழ்நாள் முழுக்க வெளியுலகத் தொடர்பே இல்லாமல் அடைக்கப்படுவார் என்று உறுதி வேண்டும் என்று கேட்டது. பயந்தது கைதி தப்புவதற்கு அல்ல. கைதி பேசுவதற்கு.

முன்கூட்டிய மன்னிப்பு கிடைக்கவில்லை. அதற்குப் பதில் ஆகஸ்ட் 1 தேதியிட்ட சட்டக் குறிப்புகள் கிடைத்தன. எழுதியதில் பெரும் பங்கு ஜான் யூ, கையெழுத்து ஜே பைபி, இருவரும் நீதித்துறை வழக்கறிஞர்கள். உறுப்பு செயலிழக்கும் அளவுக்கோ சாகும் அளவுக்கோ வலி போனால்தான் அது சித்திரவதை என்று வரையறுத்தார்கள். இரண்டே ஆண்டில் நீதித்துறை இந்தக் கருத்தை வாபஸ் வாங்கியது. அதற்குள் பைபி மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியாகிவிட்டார். அவருக்கு செனட் ஒப்புதல் கொடுத்தபோது இந்தக் குறிப்பு வெளியே யாருக்கும் தெரியாது. யூ பெர்க்லியில் சட்டப் பேராசிரியர். நீதித்துறையின் ஒழுங்கு விசாரணைப் பிரிவு இருவரும் தொழில் நெறி மீறினார்கள் என்றது. 2010இல் மேலதிகாரி டேவிட் மார்கோலிஸ் அதைத் தள்ளி, 'சரியில்லாத முடிவு' என்று மட்டும் குறைத்துக்கொண்டார்.

அந்தக் குறிப்பில் யாரும் அதிகம் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது. நீங்கள் கொடுத்த தகவலை நம்பி இதைச் சொல்கிறோம், தகவல் மாறினால் இந்தக் கருத்து பொருந்தாமல் போகலாம் என்று எழுதியிருந்தார்கள். தகவல் என்ன? ஜுபைதா அல்கொய்தாவின் மூன்றாவது அல்லது நான்காவது பெரிய தலை என்று சி.ஐ.ஏ. சொல்லியிருந்தது. பின்னால் அவர் அந்த இயக்கத்தின் உறுப்பினரே இல்லை என்று அதே சி.ஐ.ஏ. முடிவுக்கு வந்தது. 2006இல் குவாண்டநாமோவுக்குக் கொண்டுபோகப்பட்ட அவர்மேல் இதுவரை குற்றச்சாட்டே பதிவாகவில்லை.

இப்போது வட்டத்தைப் பாருங்கள். விசாரணை செய்தவர் சொல்வார், தலைமையகம் அனுமதித்தது. தலைமையகம் சொல்லும், வழக்கறிஞர்கள் சட்டப்படி சரி என்றார்கள். வழக்கறிஞர்கள் சொல்வார்கள், தலைமையகம் கொடுத்த தகவலை நம்பினோம். ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுச் சுற்றி நிற்கிறார்கள். யாரைத் தொட்டாலும் பக்கத்து ஆளைக் காட்டுவார். 2005இல் வந்த கைதிகள் நடத்துமுறைச் சட்டம், வழக்கறிஞர் சொன்னதை நம்பி நல்லெண்ணத்தோடு செய்தோம் என்ற தற்காப்பை எழுத்திலேயே கொடுத்தது. 2009 ஏப்ரலில் ஒபாமா சட்டக் குறிப்புகளை வெளியிட்ட அன்றே, அவற்றை நம்பி நடந்தவர்கள்மேல் வழக்கு வராது என்றும் அறிவித்தார். பின்னால் அல்ல, முன்னால் பார்ப்போம் என்பது அவருடைய வாசகம். வட்டத்தை உடைக்க ஒரே வழி தகவல் பொய் என்று தெரிந்தே கொடுத்தார்களா என்று தோண்டுவதுதான். அந்த விசாரணையை யாரும் நடத்தவில்லை.

நடந்த விசாரணை வேறு. ஜான் டர்ஹம் என்ற அரசு வழக்கறிஞர் இரண்டு விஷயங்களைப் பார்த்தார். ஒன்று, 92 வீடியோ நாடாக்கள். ஜுபைதாவையும் அல் நஷிரி என்ற இன்னொரு கைதியையும் விசாரித்த காட்சிகள் இருந்த அந்த நாடாக்களை 2005 நவம்பரில் அழிக்கச் சொன்னவர் ரகசியப் பிரிவின் தலைவர் ஹோசே ரோட்ரிகஸ். மேலே பலர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். 2010இல் அதற்கு வழக்கு இல்லை என்று முடிந்தது. அடுத்து, சுமார் 100 கைதிகளை நடத்திய விதம் பற்றி. அது கடைசியில் இரண்டு மரணங்களாகச் சுருங்கி, 2012 ஆகஸ்டில் அதற்கும் வழக்கு இல்லை என்று மூடப்பட்டது. அந்த ஆண்டே ரோட்ரிகஸ் நினைவுக்குறிப்பு எழுதி, நாடாவை அழித்ததைப் பெருமையாகச் சொல்லி, தொலைக்காட்சியிலும் பேசினார்.

இங்கே ஒரு விஷயத்தில் நின்று பேச வேண்டும். எனக்கு இந்தக் கதையில் அதிகம் உறுத்துவது இதுதான்.

லெபனான் வம்சாவளி ஜெர்மானியர் காலித் அல் மஸ்ரி. பெயர்க் குழப்பத்தில் மாசிடோனியாவில் பிடிபட்டு, ஆப்கானிஸ்தானில் மாதக்கணக்கில் அடைபட்டு, ஆள் மாறிவிட்டது என்று தெரிந்ததும் அல்பேனியாவில் ஒரு சாலையோரம் இறக்கிவிடப்பட்டவர். அமெரிக்காவில் வழக்குப் போட்டார். அரசு ரகசியம் வெளியாகும் என்று தள்ளுபடி. 2007இல் உச்ச நீதிமன்றம் மனுவை எடுக்கவே இல்லை. ஜுபைதா, போலந்தில் தன்னை அடைத்தது பற்றிய சாட்சியம் கேட்டார். 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மறுத்தது, அரசு ரகசியம். போலந்தில் சிறை இருந்ததை ஐரோப்பிய நீதிமன்றம் 2014இலேயே தீர்ப்பில் எழுதிவிட்டது. போலந்தின் முன்னாள் அதிபரே ஒப்புக்கொண்டுவிட்டார். பரவாயில்லை, ரகசியம் ரகசியம்தான்.

அதே விஷயங்கள் புத்தகக் கடையில் கிடைக்கின்றன. சி.ஐ.ஏ.வில் இருந்தவர்கள் எழுதும் எதுவும் முன்கூட்டிய தணிக்கைக்குப் போக வேண்டும். ரோட்ரிகஸ் எழுதியது தாண்டி வந்தது. முறைகளை வடிவமைத்த உளவியலாளர் ஜேம்ஸ் மிட்செல் எழுதியதும் வந்தது. எஃப்.பி.ஐ.யின் அலி சூஃபான் ஜுபைதாவை முதலில் விசாரித்தவர். அடி உதை இல்லாமல் பேசியே காலித் ஷேக் முகமதுவின் பங்கை வெளியே கொண்டுவந்தவர். சித்திரவதை வீண் என்று சொன்னவர். 2011இல் அவர் எழுதியது அச்சுக்கு வந்தபோது பக்கம் பக்கமாகக் கறுப்பு மை பூசியிருந்தது. பூசச் சொன்னது சி.ஐ.ஏ. ஒன்பது ஆண்டு கழித்துத்தான் மை நீங்கிய பதிப்பு வந்தது.

ஆக, வக்காலத்து வாங்குவதில் பிரச்சினை அவர்கள் பேசுவது அல்ல. ஒரு தரப்பு மட்டும் பேசலாம் என்று அரசே ஏற்பாடு செய்து வைத்திருப்பதுதான். நீதிமன்றத்தில் கைதி வாயைத் திறந்தால் ரகசியம், தொலைக்காட்சியில் அதிகாரி வாயைத் திறந்தால் நினைவுகள். பொறுப்புக் கேட்பது என்றால் இந்த ஏற்பாட்டை முதலில் கேட்க வேண்டும். ஒரு அதிகாரி ஒரு சம்பவத்தைப் பற்றித் தன் தரப்பை எழுத அனுமதி பெற்றுவிட்டால், அதே சம்பவத்தைப் பற்றிய வழக்கில் அரசு ரகசியம் என்று சொல்லும் உரிமையை அரசு இழக்க வேண்டும். ஒரு சட்டத் திருத்தத்தில் முடியக்கூடிய வேலை.

பலன் கிடைத்தது என்ற வாதத்தையும் இந்த ஏற்பாடுதான் தாங்கிப் பிடிக்கிறது. 2011இல் பின்லேடன் கொல்லப்பட்டதும், அவருக்குச் செய்தி கொண்டுபோகும் தூதுவரைப் பற்றிய துப்பு இந்த முறைகளால்தான் கிடைத்தது என்று முன்னாள் அதிகாரிகள் வரிசையாகச் சொன்னார்கள். மறுக்க வேண்டிய ஆவணம் பூட்டில் இருந்தது. மூன்றரை ஆண்டு கழித்து அறிக்கை வந்தபோதுதான், 2004இல் பிடிபட்ட ஹசன் குல் அந்தத் தூதுவரைப் பற்றிய மிகத் துல்லியமான தகவலை இந்த முறைகளைப் பயன்படுத்துவதற்கு முன்பே சொல்லிவிட்டார் என்று தெரிந்தது. அதற்குள் வாதம் ஊர் சுற்றி வந்துவிட்டது. எகிப்துக்கு அனுப்பப்பட்டு அடிக்கப்பட்ட இப்னு அல் ஷேக் அல் லிபி, சதாம் உசேனுக்கும் அல்கொய்தாவுக்கும் தொடர்பு உண்டு என்று சொன்னார். அது 2003 பிப்ரவரியில் ஐ.நா. அவையில் காலின் பவலின் உரைக்குள் போனது. ஈராக் போர் தொடங்கியது. 2004இல் வலி தாங்காமல் சொன்னேன் என்று அவர் மாற்றிச் சொன்னார். இந்தப் பலனை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை.

யாருமே சிறைக்குப் போகவில்லையா? ஜான் கிரியாகூ போனார். 2007இல் தொலைக்காட்சியில் வாட்டர்போர்டிங் நடந்ததை வெளிப்படையாகச் சொன்ன முதல் சி.ஐ.ஏ. ஆள் அவர். வேடிக்கை என்னவென்றால், அன்று அவர் சொன்னதில் பாதி வக்காலத்துதான்: ஒரே முறை, அரை நிமிடம், ஜுபைதா உடைந்துவிட்டார், தாக்குதல்கள் தடுக்கப்பட்டன என்றார். அந்த இடத்தில் அவர் இல்லவே இல்லை. 83 முறை என்று தெரிந்தபோது அந்தப் பேச்சு பொடிப்பொடியானது. அதற்காக அவரை யாரும் ஒன்றும் செய்யவில்லை. ரகசியமாகப் பணியாற்றிய ஒரு சக அதிகாரியின் பெயரைச் செய்தியாளரிடம் சொன்னார் என்ற வழக்கில் 2013இல் 30 மாதச் சிறை. சி.ஐ.ஏ. ஒப்பந்தக்காரர் டேவிட் பஸாரோ ஆப்கானிஸ்தானில் ஒரு கைதியை அடித்த வழக்கில் தண்டனை பெற்றார். அந்தக் கைதி இறந்துபோனார். அது இந்த ரகசியச் சிறைத் திட்டத்தில் சேராது. திட்டத்தை வகுத்தவர்கள், நடத்தியவர்கள், அனுமதித்தவர்கள் ஒருவர்கூட உள்ளே போகவில்லை.

மற்ற நாடுகளில் கொஞ்சம் அசைந்தது. மிலான் தெருவில் 2003இல் அபு ஒமர் என்ற இமாமைக் கடத்திய வழக்கில், 2009இல் இத்தாலிய நீதிமன்றம் 23 அமெரிக்கர்களை அவர்கள் இல்லாமலேயே தண்டித்தது. இத்தாலிய உளவுத் தலைவர் நிக்கோலோ பொல்லாரிக்கும் தண்டனை விழுந்து, அரசு ரகசியம் என்ற அதே வார்த்தையால் ரத்தானது. அல் மஸ்ரிக்கு 60,000 யூரோ கொடுக்கச் சொல்லி 2012இல் ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்பு வந்தது. 2022 ஜனவரியில் ஜெர்மனியின் கோப்லென்ஸ் நீதிமன்றம் சிரிய உளவுத்துறைக் கர்னல் அன்வர் ரஸ்லானுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. தன் கையால் அடித்தாரா என்பது அங்கே முக்கியமாகவில்லை, சிறையின் விசாரணைப் பிரிவுக்குத் தலைவர் என்பதே போதுமானதாக இருந்தது. எந்த நாட்டில் நடந்தாலும் விசாரிக்கலாம் என்ற அதே சட்டக் கொள்கை அமெரிக்கர்களுக்கும் பொருந்தும். ஆனால் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் ஆப்கானிஸ்தான் விசாரணைக்கு 2020 மார்ச்சில் அனுமதி கொடுத்தபோது, அந்த ஆண்டே அதன் தலைமை வழக்கறிஞர் ஃபட்டூ பென்சூடாமேல் வாஷிங்டன் பொருளாதாரத் தடை போட்டது. அடுத்து வந்தவர் தாலிபான்மேலும் ஐ.எஸ்.மேலும் கவனம் செலுத்தப்போவதாகச் சொல்லி அமெரிக்கர்கள் பகுதியை ஒதுக்கி வைத்தார்.

அமெரிக்காவுக்குள் அதிகாரிகளை நேருக்கு நேர் கேள்வி கேட்க முடிந்த இடம் பதவி உயர்வு விசாரணைதான். 2018 மே மாதம் ஜீனா ஹாஸ்பெல் சி.ஐ.ஏ. இயக்குநர் பதவிக்காக செனட் குழு முன் உட்கார்ந்தார். தாய்லாந்துச் சிறைக்குச் சில காலம் பொறுப்பில் இருந்தவர், நாடாக்களை அழிக்கும் உத்தரவை ரோட்ரிகஸ் சொல்லி எழுதியவர். அந்த முறைகள் ஒழுக்கக்கேடானவையா, ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள் என்று கமலா ஹாரிஸ் திரும்பத் திரும்பக் கேட்டார். நேரான பதில் வரவில்லை. வாக்கெடுப்புக்கு முன்னால், அந்தத் திட்டத்தில் சி.ஐ.ஏ. இறங்கியிருக்கக் கூடாது என்று ஒரு கடிதம் கொடுத்தார். 54க்கு 45 வாக்கில் பதவி கிடைத்தது. கடிதம் பதவிக்குக் கொடுத்த விலை என்று பலர் கேலி செய்தார்கள். இருக்கட்டும். ஒரு பதவியில் இருக்கும் அதிகாரியின் வாயிலிருந்து எழுத்தில் அப்படி ஒரு வரியை வாங்க, வேறு எந்த வழியாலும் முடியவில்லை.

இன்னொரு இடைவெளியும் கிடைத்தது. மிட்செலும் அவருடைய கூட்டாளி புரூஸ் ஜெஸ்ஸனும் அரசு ஊழியர்கள் அல்ல, ஒப்பந்தக்காரர்கள். அவர்களுடைய நிறுவனம் சி.ஐ.ஏ.விடம் 8 கோடியே 10 லட்சம் டாலர் வாங்கியிருந்தது. செனட் அறிக்கை வெளியாகிவிட்டதால் அரசு ரகசியம் என்ற கதவு இந்த முறை முழுதாக மூடவில்லை. முன்னாள் கைதிகள் இருவரும், இறந்துபோன ஒருவரின் குடும்பமும் சேர்ந்து போட்ட வழக்கில் அவர்கள் உறுதிமொழி எடுத்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 2017 ஆகஸ்டில், ஜூரி முன் விசாரணை தொடங்கும் தறுவாயில், வெளியே சொல்லப்படாத ஒரு சமரசத் தொகையோடு வழக்கு முடிந்தது. மிட்செல் 2020இல் குவாண்டநாமோவில் சாட்சி சொல்ல வந்தபோது, இன்றும் இதையேதான் செய்வேன் என்றார்.

இறந்துபோன அந்த ஒருவர் குல் ரஹ்மான். 2002 நவம்பரில் காபூல் அருகே இருந்த ரகசியச் சிறையில், இடுப்புக்குக் கீழே துணியில்லாமல், வெறும் கான்கிரீட் தரையில் சங்கிலியில் கிடந்து குளிரில் விறைத்துச் செத்தார். அவரைக் குத்தி இழுத்துப் போனதும் சி.ஐ.ஏ. குறிப்பில் இருக்கிறது, ஹேடன் நடந்ததே இல்லை என்றது இதைத்தான். சிறைக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரியின் பணியைப் பாராட்டி, நான்கு மாதம் கழித்து 2,500 டாலர் வெகுமதிக்குப் பரிந்துரை போனது. டர்ஹம் கடைசிவரை வைத்திருந்து மூடிய இரண்டு மரணங்களில் ஒன்று இது. சித்திரவதையால் மரணம் நேர்ந்தால் அமெரிக்கச் சட்டத்தில் காலவரம்பு கிடையாது. 6,700 பக்க முழு அறிக்கையின் ஒரு படி, ஒபாமா தன் பதவிக்கால ஆவணங்களோடு சேர்த்ததால், பன்னிரண்டு ஆண்டு முத்திரையோடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ரஹ்மான் இறந்த செய்தி குடும்பத்துக்குத் தெரிந்தது ஏழு ஆண்டுக்கும் மேல் கழித்து, ஒரு பத்திரிகைச் செய்தி மூலம். உடலை அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கொடுக்கவில்லை.